யாருடைய சத்தத்தை அடக்குகிறோம்?



இலங்கை வானொலியில் மரண அறிவித்தல் வாசிக்கப்படும் நேரம் எங்கள் வீடுகள் எப்படி இருந்தன என்பது உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். அதுவரை பாட்டும் பேச்சுமாக இருந்த வீடு, அறிவித்தல் தொடங்கியதும் அடங்கிவிடும். குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருக்கும் அம்மா கையை நிறுத்துவா. பிள்ளைகள் சத்தம் போட்டால் அப்பா ஒரு விரலைத் தூக்கினாற் போதும். பிறந்த இடம், வாழ்ந்த இடம், இன்னாரின் அன்புக் கணவர், இன்னாரின் பாசமிகு தந்தை என ஒவ்வொன்றாக வாசிக்கப்பட, எமக்குத் தெரிந்தவர் யாராவது உண்டோ என்று காது கொடுத்திருப்போம். வாசித்து முடிந்ததும் வீடு பழையபடி இரையத் தொடங்கும்.

பின்னர் போர்க்காலம் வந்தது. யாழ்ப்பாணத்தில் 1990க்குப் பின்னர் பல ஆண்டுகள் மின்சாரம் இல்லை. வானொலிக்குப் போடப் பட்டரியும் கிடையாது. சைக்கிளை நிறுத்தி வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் பி.பி.சி. தமிழோசை கேட்டோம். ஒருவர் சுற்ற, அயலவர் பத்துப் பேர் குந்தியிருந்து கேட்பார்கள். சுற்றுபவருக்குக் களைத்தால் செய்தியும் களைத்துவிடும். ஆகவே எதைக் கேட்பது, எதை விடுவது என்று தீர்மானித்துத்தான் பெடலில் கை வைத்தோம். வறுமை கற்றுத் தந்த ஒழுங்கு அது. அந்நாட்கள் திரும்பி வரவேண்டுமென்று யாரும் ஆசைப்படப் போவதில்லை. ஆனாலும் அப்படிக் கேட்ட செய்திகளில் பல இன்றும் எனக்கு வரிக்கு வரி நினைவிருக்கின்றன. நேற்றிரவு கைத்தொலைபேசியில் பார்த்தவற்றில் ஒன்றுகூட நினைவில் இல்லை.

இப்பொழுது காலையில் கண் விழித்ததும் கை தேடுவது அந்தக் கைத்தொலைபேசியைத்தான். கோடை காலத்தில் ரொறன்ரோ எமக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னால் நிற்கிறது. லண்டன் நாலரை, பாரிஸ் மூன்றரை. நாம் உறங்கும் நேரமெல்லாம் எங்கோ ஓரிடத்தில் எமது உறவு விழித்திருந்து எதையாவது அனுப்பிக்கொண்டே இருக்கிறது. பூவின் மேல் எழுதிய காலை வணக்கம், யாரோ ஒரு வைத்தியர் சொன்னதாக வெங்காயத்தின் மகிமை, விபத்தில் சிதைந்த வாகனத்தின் படம், ஒரு கட்சிக்காரரின் ஆவேசம், பத்துப் பேருக்கு அனுப்பாவிட்டால் கேடு வரும் என்ற பயமுறுத்தலோடு ஒரு செபம். (செபத்துக்கும் பயமுறுத்தலுக்கும் என்ன சம்பந்தம் என்று அனுப்புகிறவர்கள் ஒருநாளாவது யோசிப்பதில்லையா?) இத்தனையையும் தள்ளித் தள்ளிப் பார்த்து முடிக்கையில் தேநீர் ஆறிவிடுகிறது, மனமும் காரணமின்றிச் சலித்துவிடுகிறது.

அண்மையில் ஓர் இளந்தாய் என்னிடம் ஒரு கேள்வி கேட்டா. "முகநூலிலை முக்கால்வாசிப் பேரை மறைச்சுப்போட்டன். வட்ஸ்அப் குழுக்களின்ரை சத்தத்தையும் நிப்பாட்டிப்போட்டன். இப்ப மனம் இலேசாக் கிடக்கு. ஆனா ஏதோ பிழை செய்த மாதிரியும் கிடக்கு. இது பிழையோ?" என்றா. சிரித்துவிட்டுப் போகத்தக்க கேள்வி என்றுதான் முதலில் எண்ணினேன். வீட்டுக்கு வந்த பின்னரும் அது என்னை விடவில்லை. எனது அமைதிக்கு நான் உரித்தாளி என்பது உண்மை. அந்த அமைதியைப் பெறுவதற்காகப் பிறருடைய வாயை, அவர்களுக்குத் தெரியாமலே, என் வீட்டுக்குள் மட்டும் பொத்திவிட எனக்கு உரிமை உண்டா? உண்டென்றால் எதுவரை?

முதலில், இந்த இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்பதைச் சற்று விளங்கிக்கொள்ளல் நன்று. முகநூல் தொடங்கிய காலத்தில் ஒரு நண்பரின் புதினம் அறிய வேண்டுமாயின் அவருடைய பக்கத்துக்கு நாம் போகவேண்டும், படலையைத் திறந்து வீட்டுக்குப் போவது போல. 2006 செப்டெம்பரில்தான் எல்லோருடைய புதினங்களையும் ஒன்றாய்த் திரட்டி, ஒவ்வொருவர் வாசலிலும் கொண்டுவந்து கொட்டும் முறையை அந்நிறுவனம் கொண்டுவந்தது. அன்றே பலர் எதிர்த்தார்கள், பின்னர் பழகிவிட்டார்கள். 2009இல் 'லைக்' பொத்தான் வந்தது. 2016இல் சிரிப்பு, அழுகை, கோபம் முதலிய முகக்குறிகள் வந்தன. 2017 முதல் இந்த முகக்குறி ஒவ்வொன்றும் ஒரு 'லைக்'கைப் போல ஐந்து மடங்கு பெறுமதியுடையதாகக் கணக்கிடப்பட்டது என்பதும், அவ்வாறு கூடிய புள்ளி பெற்ற செய்தியே மேலும் பலரின் கண்ணுக்கு முன்னால் தள்ளப்பட்டது என்பதும், அந்நிறுவனத்தின் முன்னாள் ஊழியரான பிரான்சிஸ் ஹோகன் என்ற பெண்மணி 2021இல் வெளிக்கொணர்ந்த ஆவணங்களால் உலகுக்குத் தெரியவந்தன. கோபக் குறிக்கு இருந்த பெறுமதியை 2020இல் அவர்களே பூச்சியமாக்கினார்கள். அதற்கு முந்திய மூன்று வருடமும் என்ன நடந்தது? ஒருவர் அமைதியாகச் சொன்ன சொல் அடியில் கிடந்தது. இன்னொருவரை எரிச்சலூட்டச் சொன்ன சொல் கூரைமேல் ஏறி நின்றது.

அந்த மூன்று வருடத்தில் எமது நாட்டுக்கு நடந்ததை எவரும் மறந்திருக்க முடியாது. 2018 பெப்ரவரி 26ஆந் திகதி இரவு, அம்பாறையில் தமிழ் பேசும் ஒரு முஸ்லிம் கடைக்காரரைச் சிலர் சூழ்ந்துகொண்டு, சாப்பாட்டில் கருத்தடை மாத்திரை கலந்தாய் அல்லவா என்று சிங்களத்தில் மிரட்டினார்கள். கேள்வி சரியாக விளங்காமல், பயத்தில் அவர் ஆமென்று சொன்னதைப் படம் பிடித்து முகநூலில் விட்டார்கள். கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. பின்னர் அரச பகுப்பாய்வில் அது வெறும் மாக்கட்டி என்று தெரியவந்தது. ஆனால் அதற்குள் ஒரு வாரம் கழித்து, வேறொரு சம்பவத்தைச் சாட்டாக வைத்துத் திகனையிலும் கண்டியின் பிற பகுதிகளிலும் வீடுகளும் கடைகளும் எரிந்துவிட்டன. மார்ச் 7ஆந் திகதி முகநூலையும் வட்ஸ்அப்பையும் அரசாங்கம் தடை செய்யவேண்டியதாயிற்று. இந்த அழிவில் தமது தளத்துக்கிருந்த பங்குக்காக 2020 மே மாதத்தில் முகநூல் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. மன்னிப்பு நல்லதுதான். எரிந்த கடைக்கு அது கூரை போடாது.

2019 உயிர்த்த ஞாயிறு எமது குடும்பங்களுக்கு இன்னும் கிட்டவான நினைவு. ஏப்ரல் 21ஆந் திகதி கொச்சிக்கடையிலும் கட்டுவப்பிட்டியிலும் மட்டக்களப்புச் சீயோன் ஆலயத்திலும் குண்டுகள் வெடித்த அன்றே சமூக வலைத்தளங்கள் தடுக்கப்பட்டன. 30ஆந் திகதிதான் திறக்கப்பட்டன. அந்த ஒன்பது நாள் மௌனத்தை நான் இரண்டு விதமாகவும் நினைத்துப் பார்ப்பதுண்டு. வதந்திகள் ஓரளவு குறைந்தன. அயலவர் ஒருவரையொருவர் தேடிப் போய்க் கதைத்தார்கள். மறுபுறத்தில், வைபரிலும் வட்ஸ்அப்பிலும் பிள்ளைகளின் குரலைக் கேட்டுப் பழகிய தாய்மார், அந்தப் பிள்ளைகளிடமிருந்து ஒன்றும் வராமல் தவித்தார்கள். வெளிநாட்டிலிருந்தவர்கள், இங்கே யார் இருக்கிறார், யார் இல்லை என்று தெரியாமல் தவித்தார்கள். கட்டளையினால் வந்த மௌனத்துக்கு இரைச்சலையும் ஓலத்தையும் பிரித்தறியத் தெரியாது. பூட்டுத் திறந்ததும் பழைய வெறுப்பு வாக்கியங்களும் கூடவே திரும்பி வந்தன. சிலாபத்தில் முகநூலில் எழுதப்பட்ட ஒரு வரியைச் சாட்டி மூண்ட கலவரத்தின் பின், மே 13ஆந் திகதி மறுபடியும் பூட்டவேண்டி வந்ததே!

ஆகவே அந்த இளந்தாய் செய்ததில் பெரும் பகுதி சரியானதே என்பது எனது துணிபு. வீட்டு வாசலில் யாரோ கொண்டுவந்து கொட்டும் குப்பையைக் கூட்டித் தள்ளுவதற்கு யாரிடமும் உத்தரவு கேட்கத் தேவையில்லை. ஆத்திரமூட்டியே பிழைக்கும் பக்கங்களை நீக்குவதும், பெயர் தெரியாதவர் எழுதிய 'அதிர்ச்சித் தகவல்'களை அடைப்பதும், தன் மனதுக்கு மாத்திரமன்றி அயலுக்கும் செய்யும் உபகாரம். நாம் பாராத வதந்தியை நாம் பரப்பவும் மாட்டோம் அல்லவா? பரப்புவது எத்தனை இலகு என்பதை அந்த நிறுவனங்களே உணர்ந்துதான், வட்ஸ்அப்பில் ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாதென 2019 ஜனவரியில் உலகெங்கும் கட்டுப்பாடு விதித்தார்கள். பலமுறை கைமாறிய செய்தியை ஒரு தடவையில் ஓர் இடத்துக்கு மாத்திரமே அனுப்பலாமென 2020 ஏப்ரலில் மேலும் இறுக்கினார்கள்.

நிற்க. கூட்டித் தள்ளும்போது குப்பையோடு குப்பையாக வேறு சிலவும் போய்விடுகின்றன. இதைச் சொல்லத்தான் பேனை எடுத்தேன்.

முன்னர் எங்கள் ஊர்களில் இரண்டு குடும்பங்களுக்குள் மனக்கசப்பு வந்தால் 'பேச்சில்லை' என்பார்கள். வேலிப் பொட்டு அடைபடும்; கோயிலில் எதிர்ப்பட்டால் முகம் திரும்பும். நல்ல பழக்கமென்று சொல்ல வரவில்லை. ஆனால் அதில் ஒரு நேர்மை இருந்தது. பேசாதவருக்கும் தெரியும், பேசப்படாதவருக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். தெரிந்தபடியால் இடையில் ஒருவர் புக முடிந்தது. கலியாணம் வந்தால் ஒரு பெரியவர் இரண்டு வீட்டுக்கும் போய்க் கதைப்பார்; சாவீடு வந்தால் எவரும் சொல்லாமலே போய் நிற்பார்கள்; பத்து வருடப் பேச்சில்லாமை பாடையடியில் முடியும். முகநூலில் ஒருவரை மறைத்துவிட்டால் இது எதுவும் இல்லை. நண்பர் பட்டியலில் அவர் பெயர் அப்படியே இருக்கும். எழுதுவது எங்கள் கண்ணுக்கு வராது என்பது அவருக்குத் தெரியாது. அவர் தன்பாட்டில் எழுதிக்கொண்டிருப்பார், நாம் கேட்டுக்கொண்டிருப்பதாக எண்ணி. ஒருவரை முப்பது நாளைக்கு ஒதுக்கி வைக்கும் வசதியை 2017 டிசம்பரில் முகநூல் தந்தது. முப்பது நாள் முடிந்ததும் அவர் தானாகவே திரும்பி வந்துவிடுவார். மனிதர் செய்துகொள்ளும் சமாதானத்தைவிட இயந்திரம் செய்யும் சமாதானம் எத்தனை சுலபம்! யாரும் யாரிடமும் போகவேண்டியதில்லை.

இதை ஏட்டுச் சுரைக்காயாகச் சொல்லவில்லை. எனது பெரியம்மாவின் மகன் ஒருவர் கனடாவில் இருக்கிறார். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. மச்சாள் இறந்தபின் தனியே சீவிக்கிறார். நாளொன்றுக்கு இருபது, முப்பது என்று வட்ஸ்அப்பில் அனுப்புவார். பழைய பாட்டு, மூட்டு வலிக்குக் கைமருந்து, எங்கேயோ நடந்த வெள்ளம், யாரோ ஒரு ஞானி சொன்னதாக ஒரு வாக்கியம். ஆறு மாதம் பொறுத்தேன். பின்னர் அவருடைய பெயரின்மேல் விரலை வைத்து, சத்தத்தை 'எப்போதும்' நிறுத்தி, பழையவை கிடக்கும் அறைக்குள் தள்ளிவிட்டேன். அங்கே தள்ளியவர் எத்தனை அனுப்பினாலும் முன்பக்கத்துக்கு வரமாட்டார். அன்றிரவு நிம்மதியாக நித்திரை கொண்டேன் என்பதையும் ஒளிக்கப்போவதில்லை.

மூன்று வாரம் கழிந்திருக்கும். ஒரு மரணச் சடங்கில் இன்னோர் உறவினர், "அண்ணைக்கு இப்ப எப்பிடியாம்?" என்று கேட்டார். எனக்கு என்னவென்றே விளங்கவில்லை. வீடு வந்து அந்த அறையைத் திறந்தேன். நானூறுக்கு மேற்பட்ட செய்திகள். தள்ளித் தள்ளிக்கொண்டு போனபோது, ஒரு பழைய பாட்டுக்கும் ஒரு பூப்படத்துக்கும் நடுவில் அவரே தட்டி எழுதிய இரண்டு வரி கிடந்தது. "ஆஸ்பத்திரியில் நிற்கிறேன். நேரமிருந்தால் எடு." திகதியைப் பார்த்தேன். பத்தொன்பது நாள்.

உடனே எடுத்தேன். வீட்டுக்கு வந்துவிட்டார், நெஞ்சுவலி, பெரிதாக ஒன்றுமில்லை என்றார். நான் என்ன சொல்வதென்று தெரியாமல் தடுமாற அவரே சொன்னார்: "நீ பாத்திருப்பாய், வேலை கூட எண்டு நினைச்சன் தம்பி. அதுக்கென்ன." அவர் கோபித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

இது என் வீட்டுக் கதை. பொதுவாழ்விலும் இதே கணக்குத்தான். 2017 பெப்ரவரி 20ஆந் திகதி கிளிநொச்சியில், கையளிக்கப்பட்டும் கைதாகியும் காணாமற்போன தமது பிள்ளைகளின் படங்களை ஏந்திக்கொண்டு தாய்மார் வீதியோரம் குந்தினார்கள். சில நாட்களில் வவுனியாவிலும் பிற இடங்களிலும் குந்தினார்கள். அப்படிக் குந்திய பெற்றோரில் எத்தனையோ பேர் பதில் அறியாமலே கண்ணை மூடிவிட்டார்கள். அவர்களுடைய படங்கள் வருடக்கணக்காக எமது முகநூல் சுவர்களில் வந்துகொண்டிருந்தன. வெளிநாட்டிலுள்ள நண்பர் ஒருவர் மனம் திறந்து சொன்னார்: "ஒவ்வொரு நாளும் அதே முகங்கள். என்னாலை ஒண்டும் செய்யேலாது. பாத்தால் அண்டைக்கு முழுக்க வேலை ஓடாது. நீக்கிப்போட்டன்." அவரைக் கல்நெஞ்சர் என்று நான் சொல்லமாட்டேன். போரில் தம்பியை இழந்தவர் அவர். பார்க்கத் தாங்காமல்தான் நீக்கினார். எல்லோருடைய துக்கத்தையும் எல்லா நாளும் சுமக்க மனிதனுக்கு முதுகு போதாது. ஆயினும் வெங்காய வைத்தியத்தை நீக்கிய அதே விரல், அதே அசைவால், அந்தத் தாயையும் நீக்கியது என்பது எனக்கு உறுத்துகிறது. பொத்தானுக்கு இரண்டும் ஒன்றுதான். எமக்கும் இரண்டும் ஒன்றாகிவிட்டனவா?

ஆகையால் அந்த இளந்தாய்க்கு நான் ஒரு விதமாகப் பதில் சொன்னேன். பக்கங்களை நீக்கும்போது யோசிக்காதேயுங்கோ. ஆட்களை நீக்கும்போது ஒரு கணம் நில்லுங்கோ. இந்த ஆள் அனுப்புவது எனக்குச் சத்தமாக இருக்கிறது, சரி, ஆள் யார்? கோபக்காரனா, பொய்யனா, அல்லது தனிமையில் கிடந்து எதையாவது அனுப்பி 'நான் இன்னும் இருக்கிறேன்' என்று சொல்பவரா? கடைசி வகையினர்தான் மிக அதிகமாக அனுப்புகிறார்கள் என்பதை நீங்களும் கவனித்திருப்பீர்கள். அவர்களுடைய படங்களைப் பார்க்கவேண்டிய கடமை எமக்கில்லை. அவர்களைப் பார்க்கவேண்டிய கடமை இருக்கிறது. அதை வேறு வழியில் தீர்க்கலாம்: ஒரு தொலைபேசி அழைப்பு, கிட்டவென்றால் ஒரு நடை.

நான் செய்வதையும் சொல்லிவிடுகிறேன், பின்பற்றத்தக்கதென்று வற்புறுத்தவில்லை. பழைய அப்பியாசக் கொப்பி ஒன்றின் பின்பக்கத்தில், நான் சத்தத்தை நிறுத்திய ஆட்களின் பெயர்களை எழுதி வைத்திருக்கிறேன். இப்பொழுது பதினொரு பெயர் இருக்கிறது. இருவரைத் திரும்பக் கேட்க எனக்கு விருப்பமில்லை. இனத்தையும் மதத்தையும் இழிவாக எழுதுபவர்கள் அவர்கள், அதை அவர்களுக்கே சொல்லிவிட்டேன். மற்ற ஒன்பது பேரிடமும் மாதத்துக்கு ஒரு தடவையாவது வாயால் கதைப்பது என்று வைத்திருக்கிறேன். சில மாதம் தவறிவிடுகிறது. காணாமற்போனோரின் தாய்மாரின் செய்திகளை நாளாந்தம் பார்ப்பதில்லை. ஞாயிறு பின்னேரம் தேடிப் போய் வாசிக்கிறேன், படலையைத் திறந்து போகும் அந்தப் பழைய முறையில். பிள்ளைகள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். கைத்தொலைபேசியில் உள்ளவர்களுக்குக் கொப்பியில் கணக்கு வைப்பது ஐயாதான் என்கிறார்கள். சிரிக்கட்டும்.

கனடாவிலுள்ள அண்ணையை இன்னும் அந்த அறையில்தான் வைத்திருக்கிறேன். இருபது, முப்பது என்று அனுப்புவதை அவரும் நிறுத்தவில்லை. சனிக்கிழமை இரவு ஏழு மணிக்கு நான் எடுப்பேன். அவருக்கு அப்போது காலை. இரண்டு வார்த்தை சுகம் விசாரித்ததும் அவர் கேட்பார்: "அனுப்பினதெல்லாம் பாத்தியோ தம்பி?"

"இல்லை அண்ணை. நீங்கள் சொல்லுங்கோ."

அந்த வாரம் அனுப்பியவற்றில் தனக்குப் பிடித்ததைச் சொல்லத் தொடங்குவார். போன கிழமை அது வெங்காயத்தைப் பற்றியது. முக்கால் மணித்தியாலம் எடுத்தது.